நின்றுபோன தொடர்: அ. மாதவையாவும் அவர் காலத்து நெல்லைச் சீமையும்

தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது. பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896இல் புத்தகமாயிற்று. அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வெளிவந்தது. மூன்றாவது பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும். வேதநாயகம் பிள்ளை முன்னோடி, ராஜமய்யர் கலைஞர், மாதவையா சீர்திருத்தக்காரர் என்று பட்டங்களும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. சீர்திருத்தக்காரர் என்பது மரியாதையான சொல்தான். ஆனால் ஓர் எழுத்தாளரை அந்தச் சொல்லால் அழைத்தபின் அவர் எழுத்தை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. கருத்து நல்லது, காலம் மாறிவிட்டது, இனி எதற்கு என்று நகர்ந்துவிடுகிறோம்.

இந்த வரிசையும் இந்தப் பட்டமும் சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. இரண்டும் தவறு என்பது என் முடிவு. புத்தகம் வெளிவந்த ஆண்டை மட்டும் வைத்து வரிசை போட்டதால் ஒரு முக்கியமான உண்மை மறைந்துபோயிற்று. அதோடு, மாதவையாவை எடைபோடுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட புத்தகமும் அவருடைய ஆகச் சிறந்த தமிழ்ப் புத்தகம் அல்ல.

முதலில் வரிசையைப் பார்ப்போம். 1892இல் ‘விவேக சிந்தாமணி’ என்ற மாதப் பத்திரிகையை சி. வி. சுவாமிநாத ஐயர் தொடங்கினார். ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை அதில்தான் தொடராக வந்தது. அதற்கு முன்பே, பத்திரிகை பிறந்த அதே 1892இல், ‘சாவித்திரி சரித்திரம்’ என்றொரு தொடர் அதில் தொடங்கியிருந்தது. ஆசிரியர் பெயரும் ‘சாவித்திரி’ என்றே இருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் இருபது வயது மாதவையா. பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த தொடர் அது. சில பகுதிகள் வந்தன, பிறகு நின்றுபோயிற்று. அது புத்தகமாக வரப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. 1903இல் ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் வெளிவந்தது. அந்தத் தொடர் நிற்காமல் ஓடியிருந்தால், ராஜமய்யருக்கு முன்பே, தன்மையில் பேசும் ஒரு பெண்ணின் குரலோடு தமிழ் நாவல் தன் இரண்டாவது அடியை வைத்திருக்கும். நம் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் இதை அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுப் போகின்றன.

மாதவையா 1872 ஆகஸ்ட் 16 அன்று பெருங்குளத்தில் பிறந்தார். ராஜமய்யர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிப் பாசனத்தின் கீழ்க்கோடியில் இருக்கும் ஊர் பெருங்குளம். நவதிருப்பதிகளில் ஒன்றான மாயக்கூத்தர் கோயில் அங்கே இருக்கிறது. அன்று திருநெல்வேலி ஜில்லா, இன்று தூத்துக்குடி மாவட்டம். காரும் பிசானமுமாக இரண்டு போகம் விளையும் நஞ்சை, அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த அக்கிரகாரங்கள், நிலத்தில் இறங்கி வேலை செய்த வேறு சாதியினர் என்று ஆற்றங்கரை ஊர்களின் அமைப்பு பல நூற்றாண்டுகளாக உறுதிப்பட்டிருந்தது. மாதவையா வளர்ந்த காலத்தில்தான் அது அசையத் தொடங்கியது. 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்துவிட்டது. ஆங்கிலம் படித்த பையன் வயலை விட்டுச் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகலானான். அவன் கையில் சம்பளம், தலையில் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் ஷேக்ஸ்பியரும், வீட்டில் எழுத்தறியாத பத்து வயது மனைவி. மாதவையாவின் கதைகள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலி, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. நடுவில் 1843இல் கட்டி முடித்த சுலோசன முதலியார் பாலம். அந்தப் பாலத்தைக் கடந்து படிக்கப் போன ஒரு பிராமணச் சிறுவன் அக்கரையில் என்ன பார்த்திருப்பான் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1820இல் மிஷனரி ரேனியஸ் வந்ததிலிருந்து பாளையங்கோட்டை மிஷன் பள்ளிகளின் ஊராக மாறியிருந்தது. அங்கே பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். சாராள் டக்கர் பெயரில் பெண்களுக்கு ஒரு கல்லூரியே 1895இல் உருவானது. நாடார் குடும்பத்துப் பெண்ணும் வேதப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்த காலத்தில், தன் வீட்டுப் பெண்கள் பெயரைக்கூட எழுதத் தெரியாமல் இருந்தது மாதவையாவை உறுத்தியிருக்கும். அவர் எழுத்து நெடுகிலும் இந்த உறுத்தல் இருப்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன். பின்னாளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வில்லியம் மில்லரிடம் படித்து 1892இல் பி.ஏ. முடித்தார். மதம் மாறவில்லை, மாறியவர்களை வெறுக்கவும் இல்லை. அந்தத் தலைமுறையில் இது அரிதான நிலை.

காலத்தின் சூடும் அப்போது உச்சத்தில் இருந்தது. விதவை மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்துவிட்டது. ஆனால் ஏட்டில் இருந்த சட்டத்துக்கு வீட்டில் வழி கிடைக்கவில்லை. ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் 1881இல் முதல் விதவை மறுமணத்தை நடத்திவைத்தார். ‘இந்து’ பத்திரிகையின் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889இல் விதவையான தன் மகளுக்கே மறுமணம் செய்துவைத்து ஊர்ப்பகையைத் தேடிக்கொண்டார். மண உறவுக்குப் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891இல் வந்தபோது நாடே இரண்டுபட்டது. இத்தனை சண்டையும் நடந்தது பன்னிரண்டு வயதுக்காகத்தான். இந்தச் சட்டம் வந்த மறு ஆண்டில்தான் ‘சாவித்திரி சரித்திரம்’ தொடங்கியது. மாதவையாவும் பதினைந்து வயதில் ஒரு சிறுமியை மணந்தவர். மனைவியின் பெயர் மீனாட்சி. தன் கதாநாயகிக்கு அவர் முத்துமீனாட்சி என்று பெயரிட்டதற்கு இதற்கு மேல் பொருள் தேட நான் விரும்பவில்லை. ஆனால் அவர் எழுதியது பிறர் வீட்டுச் செய்தி அல்ல என்பதற்கு இதுவே போதும்.

‘முத்துமீனாட்சி’ சிறிய நூல். குழந்தை மணம், புகுந்த வீட்டில் மாமியார் கொடுமை, முரட்டுக் கணவன், விதவைக் கோலம், கடைசியில் சுந்தரேசன் என்பவனோடு மறுமணம் என்று அதன் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அது சீர்திருத்தப் பிரசாரம் போலத்தான் தோன்றும். அதன் பலம் கதையில் இல்லை, சொல்லும் முறையில் இருக்கிறது. அதுவரை தமிழ் உரைநடைக் கதையில் பெண்ணைப் பற்றி ஆசிரியர் பேசினார். அறிவுள்ள பெண், கற்புள்ள பெண், துன்பப்படும் பெண் என்று வெளியிலிருந்து வர்ணித்தார். இங்கே அவளே பேசுகிறாள். வீட்டுக்குள் நடப்பதை வீட்டுப் பேச்சிலேயே சொல்கிறாள். யார் முதலில் சாப்பிட்டார்கள், யார் என்ன சொல்லிக் குத்தினார்கள் என்பது போன்ற அற்பச் சங்கதிகளில்தான் ஒரு பெண்ணின் வாழ்வு நொறுங்குகிறது என்பதை இருபது வயது இளைஞன் கண்டுகொண்டிருக்கிறான். சாஸ்திர விவாதத்தில் ஜெயிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கதிகள் தெரியாது. அந்தப் புத்தகத்தின் மேல் அக்கிரகாரத்துக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் அதில் உள்ள மறுமணம் மட்டும் அல்ல என்பதே என் எண்ணம். சமையலறையில் நடந்தது வாசலுக்கு வந்துவிட்டது.

பெண்ணையே பேசவைப்பது மாதவையா ஒருவருக்கே தோன்றிய எண்ணமும் அல்ல. அவர் சென்னையில் படிக்கப் போவதையொட்டிய ஆண்டுகளில், கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையிலேயே கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’ ஆங்கிலத்தில் தொடராக வந்தது. அதுவும் ஒரு பெண் தன் வாழ்வைத் தானே சொல்லும் கதைதான். கிருபாபாயின் ‘கமலா’ இளம் விதவையைப் பற்றியது. காற்றில் இருந்த அந்த விதையைத் தமிழ் மண்ணில் ஊன்றியவர் மாதவையா.

‘பத்மாவதி சரித்திரம்’ வேறு வகையானது. அதன் முதல் பாகம் 1898இலும் இரண்டாம் பாகம் 1899இலும் வந்தன. விரிந்த பரப்பு, நிறைய மனிதர்கள், திருநெல்வேலியிலிருந்து சென்னைவரை நீளும் படிப்பு வாழ்க்கை. ஏழைப் பையன் நாராயணன் படித்து மேலே வருகிறான். உயிர்த் தோழன் கோபாலன் உடன் நிற்கிறான். மனைவி பத்மாவதிக்கு நாராயணன் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறான். பிறகு அதே மனைவியின்மேல், தோழனோடு சேர்த்துச் சந்தேகப்படுகிறான். ‘ஒதெல்லோ’ நாடகத்தின் நிழல் இதில் விழுந்திருப்பது வெளிப்படை. அந்த நாடகத்தின்மேல் மாதவையாவுக்கு இருந்த பற்று சாதாரணமானது அல்ல. அதைத் தழுவி ‘உதயலன் என்னும் கொற்கைச் சிங்களவன்’ என்று ஒரு நாடகமே எழுதினார். வெனிஸ் நகரத்துக் கதை தாமிரபரணியின் முகத்துவாரத்துக்கு, பெருங்குளத்துக்குப் பக்கத்து ஊரான பழைய கொற்கைத் துறைமுகத்துக்கு இடம் மாறியது.

நாராயணனின் சந்தேகம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதவையா வெறும் பிரசாரகராக இருந்திருந்தால், படித்த கதாநாயகனை உத்தமனாக்கிவிட்டுக் குற்றத்தை முழுவதும் கட்டுப்பெட்டிக் கிழவர்களின்மேல் சுமத்தியிருப்பார். இங்கே ஆங்கிலம் படித்தவன், பெண்கல்வி பேசுகிறவன், அவனே மனைவியை நம்ப முடியாமல் தவிக்கிறான். படிப்பு மூளைக்குப் போயிற்று, நெஞ்சுக்குப் போகவில்லை. சீர்திருத்தத் தலைமுறையின் உள்நோயை அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவரே 1899இல் எழுதிவைத்திருக்கிறார். இதைக் கவனிக்காமல் அவரைப் பிரசாரகர் என்று ஒதுக்குவது நியாயம் இல்லை. அதே சமயம் நாவலின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் உபதேசம் செய்கிறார். சில திருப்பங்கள் நாடகக் கொட்டகைத் தனமாக இருக்கின்றன. ‘கமலாம்பாள்’ முதல் பாதியின் நகைச்சுவையும் லாகவமும் இதில் குறைவு. ஆனால் ராஜமய்யர் பிற்பாதியில் மனிதர்களை விட்டு வேதாந்தத்துக்குப் போய்விடுகிறார். மாதவையா கடைசிவரை வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. ராஜமய்யர் 1898இல், இருபத்தாறு வயதில் இறந்தார். அவர் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்பது வேறு கதை.

மாதவையா பிழைப்புக்காகச் சேர்ந்தது உப்பு இலாகாவில். உப்பளங்களைச் சுற்றி வரும் இன்ஸ்பெக்டர் வேலை, அடிக்கடி மாற்றல், தெலுங்குச் சீமையில் நீண்ட வாசம். பெருங்குளமும் பாளையங்கோட்டையும் அவர் கண்முன் இருந்த நாட்களைவிட நினைவில் இருந்த நாட்களே அதிகம். எழுத்தால் வருமானம் கிடையாது. தமிழில் நாவல் வாங்கிப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரும் 1910க்குப் பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் கதைகளுக்குப் போய்விட்டார்கள். மாதவையா இடையில் பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் எழுதியதற்கு இந்த நிலைமையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ‘தில்லை கோவிந்தன்’ 1903இல் ‘பம்பா’ என்ற புனைபெயரில் வந்தது. 1916இல் லண்டனிலும் பதிப்பாயிற்று. ‘சத்தியானந்தன்’ 1909இல் வந்தது. ‘இந்து’வில் குசிகர் என்ற பெயரில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளைப் பின்னர் அவரே தமிழாக்கி ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என்று வெளியிட்டார். வரதட்சிணை, குழந்தை மணம், விதவைகளின் அவலம் என்று அவருக்குப் பழகிய களங்களே அவற்றிலும் வருகின்றன. தமிழின் முதல் சிறுகதை எது என்ற சர்ச்சையில் இவர் பெயரும் அடிபடும். அந்தப் பந்தயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை.

ஆங்கில நூல்களில் நின்று பேச வேண்டியது 1915இல் வந்த ‘கிளாரிந்தா’. இந்தக் கதையின் வேர் பாளையங்கோட்டையில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை ஒருத்தி கணவனின் சிதையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியால் காப்பாற்றப்பட்டு, அவனோடு வாழ்ந்து, அவன் படையோடு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தாள் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. மணமாகாமல் அவனோடு வாழ்ந்ததால் தஞ்சை மிஷனரி ஸ்வார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778இல் ஸ்வார்ட்ஸே கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர் பெற்ற அவள் பாளையங்கோட்டையில் கட்டிய சிறு கோயில் 1785இல் பிரதிஷ்டையாயிற்று. நெல்லைச் சீமையின் புராட்டஸ்டண்ட் சபைக்கு அதுதான் முதல் கோயில். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். மதம் மாறியவளைச் சாதிப் பெயரோடு சேர்த்தே ஊர் நினைவில் வைத்திருந்தது.

மிஷன் வரலாறுகளில் அவள் சபையின் தாய். அக்கிரகாரத்தைப் பொறுத்தவரை அவள் பெயரே எடுக்கக் கூடாதவள். மதம் மாறாத பிராமணரான மாதவையா அவளை நாவலின் நடுவில் நிறுத்தி, அவள் மனத்தை விளங்கிக்கொள்ள முயல்கிறார். இந்த இரண்டு தரப்பாலும் அப்படி எழுதியிருக்க முடியாது. ‘முத்துமீனாட்சி’யில் மறுமணத்தின் வழியே மீண்ட அதே விதவையைத்தான் அவர் இங்கே நூற்றைம்பது ஆண்டு பின்னோக்கிப் போய் மறுபடி சந்திக்கிறார். சட்டமும் சீர்திருத்தச் சபைகளும் இல்லாத காலத்தில், செத்தவள் என்று ஊர் தள்ளிவிட்டவள் எழுந்து வாழ்ந்தாள், பிறருக்கும் ஆதரவாக இருந்தாள் என்ற உண்மை அவரைப் பிடித்துக்கொண்டது. ஆங்கில நூல்களில் வெளியாருக்கு நம்மை விளக்கிச் சொல்லும் தொனி அவரிடம் அடிக்கடி தலைகாட்டும். ‘கிளாரிந்தா’வில் அது ஆகக் குறைவு. சரோஜினி பாக்கியமுத்து பின்னர் இதைத் தமிழாக்கியதால் நம் வாசகர்களுக்கும் இது கிடைத்தது.

அதே ஜில்லாக்காரரான பாரதியையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த அவர், தன் கடைசிக் காலத்தில் எழுதி முடிக்காமல் விட்ட ‘சந்திரிகையின் கதை’யும் பொதிகை அடிவாரத்து அக்கிரகாரம் ஒன்றில்தான் தொடங்குகிறது. அதிலும் இளம் விதவை ஒருத்தி மறுமணம் நாடிச் சென்னைக்குப் போகிறாள். வீரேசலிங்கமும் ஜி. சுப்பிரமணிய ஐயரும் அதில் பாத்திரங்களாகவே வருகிறார்கள். இரண்டு பேர், ஒரே சீமை, ஒரே கேள்வி. ஒருவர் சர்க்கார் உப்பு இலாகாவில் சம்பளம் வாங்கினார், மற்றவரைச் சர்க்கார் புதுச்சேரிக்குத் துரத்தியது. 1908இல் திருநெல்வேலி எழுச்சியும் 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொலையும் நடந்தபோது மாதவையா அரசாங்க ஊழியர். அவருடைய நாவல்களில் அரசியல் அடங்கியே ஒலிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் கொடுமையை எதிர்ப்பதில் அவர் யாருக்கும் அஞ்சவில்லை.

மாதவையாவின் எல்லை எது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் உலகம் அக்கிரகாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த நஞ்சையில் நாற்று நட்ட பெண்கள் அவர் நாவல்களில் ஓரமாகக் கடந்துபோகிறார்கள். அவர்களுக்கு மறுமணத் தடை கிடையாது, வேறு தளைகள் இருந்தன. அந்தத் தளைகளை அவர் எழுதவில்லை. அவர் படைத்த பெண்களுக்கு விடுதலை வருவதும் பெரும்பாலும் படித்த நல்ல ஆண் ஒருவனின் கை வழியாகத்தான். முத்துமீனாட்சியும் தன்னந்தனியாக வெளியே வந்துவிடவில்லை. பெண் பெயரில் ஆண் எழுதிய குரல் அது என்பதும் உண்மை. வை. மு. கோதைநாயகி ‘ஜகன்மோகினி’யை நடத்தத் தொடங்கியது 1925இல். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ வந்தது 1936இல். பெண்கள் தாங்களே எழுத வந்தபின் மாதவையாவின் குரலுக்கு இருந்த தனித்தேவை குறைந்தது. அதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அந்த இடம் காலியாக இருக்கிறது என்று காட்டியவர் அவர்.

1922இல் ஓய்வு பெற்று மயிலாப்பூரில் குடியேறிய பிறகு அவருக்கு முழு நேர எழுத்தாளராக வாழக் கிடைத்தவை மூன்றே ஆண்டுகள். சொந்த அச்சுக்கூடம் வைத்தார். 1924இல் ‘பஞ்சாமிர்தம்’ மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகத்தை எழுதத் தொடங்கினார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த மனிதர்களிடம் திரும்பிப் போனார் என்பதே அவருக்கு அவர்கள் பிரசாரப் பொம்மைகள் அல்ல என்பதற்குச் சான்று. 1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு அமர்ந்தவர் அங்கேயே உயிர் துறந்தார். வயது ஐம்பத்து மூன்று. மூன்றாம் பாகம் முடியவில்லை. எழுத்து அந்தக் குடும்பத்தில் தொடர்ந்தது. மகன் மா. அனந்தநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர், ஆங்கில நாவலும் எழுதினார். இன்னொரு மகன் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றி எழுதிப் பேர்பெற்றார். உறவினரான பெ. நா. அப்புஸ்வாமி தமிழில் அறிவியலை எழுதியவர்களில் முன்னோடி.

பிற்கால விமரிசகர்கள் அவரை மறந்துவிடவில்லை. க. நா. சுப்ரமண்யம் தன் ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ நூலில் ‘பத்மாவதி’க்கு இடம் தந்தார். ராஜ் கௌதமன் மாதவையாவைப் பற்றித் தனி நூல் எழுதினார். சீதா அனந்தராமனும் வசந்தா சூரியாவும் 2005இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த வாழ்க்கை வரலாற்று நூலில் ‘முத்துமீனாட்சி’யின் மொழிபெயர்ப்பைச் சேர்த்தது, என்னைப் பொறுத்தவரை, சரியான தேர்வு. பாடத்திட்டங்களும் இலக்கிய வரலாறுகளும் இன்னும் ‘பத்மாவதி’யில்தான் நிற்கின்றன.

நெல்லை, தூத்துக்குடிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. முதல் நாவல்களைப் பற்றிப் பாடம் வைக்கும்போது ‘முத்துமீனாட்சி’யை முதலில் வையுங்கள். 1892இன் ‘சாவித்திரி சரித்திரம்’ பகுதிகளையும் 1903இன் புத்தகத்தையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு ஒரு செம்பதிப்பு கொண்டுவாருங்கள். ‘பஞ்சாமிர்தம்’ இதழ்களைத் தேடித் தொகுப்பதும் இந்த வேலையோடு சேர்ந்ததுதான். வாசகருக்கு ஒன்று: மாதவையாவை இதுவரை படிக்காதவர்கள் ‘முத்துமீனாட்சி’யில் தொடங்குங்கள். ஒரே மாலையில் படித்துவிடலாம். அதற்குப் பிறகு ‘பத்மாவதி’யின் நாராயணனை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.